முற்றா, எச்சமா?

“பாத்திமா வந்து” என்று சொல்லிவிட்டு ஒருவர் நிறுத்தினால், நாம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். வந்து என்ன செய்தாள்? இருந்தாளா, போனாளா, அழுதாளா? “வந்தாள்” என்று சொல்லியிருந்தால் இந்தத் தவிப்பு இல்லை. “வந்து” எச்சம், “வந்தாள்” முற்று. வாக்கியம் முடிந்ததா, இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பதைத் தமிழில் வினைச்சொல்லின் கடைசி எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளி இல்லாமலே நம் முன்னோர் வாக்கியங்களைப் பிரித்து வாசித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பவள். கவிதையும் கதையும் வாசிக்க இந்த மலரைத் திறந்த தோழியரிடம் ஒரு கணினிக் கேள்வியைக் கொண்டுவருவதற்குக் காரணம், அந்தக் கேள்வி அடிப்படையில் முற்றுக்கும் எச்சத்துக்கும் உரியதாக இருப்பதுதான். ஒரு கணினி, வலையமைப்பு வழியாக இன்னொரு கணினி அனுப்புவதை வாசித்துக்கொண்டிருக்கிறது. செய்தி முழுவதும் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்?

கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் விடை தெரியாமல் எழுதப்படும் செய்நிரல்கள் உறைந்துபோகின்றன, அல்லது அரைகுறைச் செய்தியை முழுச் செய்தியாக எடுத்துக்கொள்கின்றன. உறைந்துபோவது தொல்லை. அரைகுறையை நம்புவது ஆபத்து.

கணினியில் ஏற்கெனவே இருக்கும் கோப்பை வாசிக்கும்போது இந்தக் கஷ்டம் இல்லை. கோப்பு எத்தனை பைட்டு நீளமானது என்று இயங்குதளம் குறித்து வைத்திருக்கிறது. அந்த எண்ணிக்கை தீர்ந்தால் முடிவு. வலையமைப்பில் வருவது கோப்பு அல்ல, ஓட்டம். இணையத்தில் நாம் செய்யும் பெரும்பாலான வேலைகளுக்கு அடியில் டி.சி.பி. என்ற நடப்பொழுங்கு இருக்கிறது. 1981 செப்டெம்பரில் ஆர்.எப்.சி. 793 என்ற ஆவணமாக அது வெளியானது. அனுப்பியவை அனுப்பிய வரிசையிலேயே, ஒன்றும் விடுபடாமல் போய்ச்சேர அது பாடுபடும். வழியில் தொலைந்ததைத் திரும்ப அனுப்பும், முன்பின்னாக வந்ததை அடுக்கித் தரும். ஆனால் செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் அது கண்டுகொள்வதே இல்லை.

கிணற்றிலிருந்து மூன்று வாளி தண்ணீர் அள்ளித் தொட்டியில் ஊற்றுகிறீர்கள். கீழே குழாயைத் திறப்பவருக்கு எந்தத் தண்ணீர் எந்த வாளியில் வந்தது என்று தெரியுமா? டி.சி.பி.யும் அப்படித்தான். நான் மூன்று முறை அனுப்பியதை அடுத்த கணினி ஒரே தடவையில் வாசிக்கலாம். ஒரே தடவை அனுப்பியதை நான்கு தடவைகளில் வாசிக்கவும் நேரலாம். ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொதிக்குள் அடங்குவது 1500 பைட்டு. தலைப்புகளுக்கு வழக்கமாக 40 போக, நம் தரவுக்கு 1460 மிஞ்சும். ஆகவே 5000 பைட்டுக் கடிதம் ஒன்று மூன்று முழுத் துண்டுகளாகவும் 620 பைட்டுள்ள ஒரு கடைத்துண்டாகவும் பிரிந்து போகலாம். வாசிப்பவர் “1024 பைட்டு தா” என்று கேட்டால், ஒன்றிலிருந்து 1024 வரை எதுவும் கிடைக்கலாம். “1024 கேட்டேன், 300தான் வந்தது, ஆகவே முடிந்துவிட்டது” என்று முடிவுகட்டும் செய்நிரல், ஆய்வுகூடத்தில் ஒரே மேசையிலுள்ள இரண்டு கணினிகளுக்கிடையே அழகாக வேலை செய்யும். தூரத்துக்குப் போனதும் காலை வாரிவிடும்.

எங்கள் வகுப்பில் இருவர் சேர்ந்து ஒரு செயற்றிட்டம் செய்தார்கள். நூலகத்திலுள்ள கணினியில் நூற்பட்டியல் இருக்கும். வகுப்பறைக் கணினியிலிருந்து ஒரு நூலின் பெயரை அனுப்பினால், அது இருக்கிறதா இல்லையா என்று பதில் வரவேண்டும். பைதன் மொழியில் எழுதினார்கள். ஓடவிட்டதும் இரண்டு திரைகளும் அப்படியே நின்றுவிட்டன. பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஏதாவது பிழை காட்டினாலாவது திருத்தலாமே என்று இருவரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். நூலகக் கணினி, “கேள்வி முடியும் வரை வாசி, பிறகு பதில் சொல்” என்று எழுதப்பட்டிருந்தது. வகுப்பறைக் கணினி, நூலின் பெயரை அனுப்பிவிட்டு இணைப்பைத் திறந்தபடியே பதிலுக்காகக் காத்திருந்தது. பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்குமேல் எதுவும் வராது என்று நூலகக் கணினியிடம் யாருமே சொல்லவில்லை. அது மிச்சத்துக்காகக் காத்திருந்தது, இது பதிலுக்காகக் காத்திருந்தது. “நீங்கள் முதலில் சொல்லுங்கள்” என்று வாசலில் நின்று ஒருவரையொருவர் உபசரிக்கும் இரண்டு விருந்தாளிகளைப் போல, மின்சாரம் போகும் வரை இரண்டும் நின்றிருக்கும்.

“கொஞ்ச நேரம் ஒன்றும் வராவிட்டால் முடிந்தது என்று எடுத்துக்கொண்டால் போதாதா?” என்று கேட்கத் தோன்றும். பலரும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள். ஜாவா மொழியில், “இப்போது வாசிக்க எத்தனை பைட்டு கைவசம் உண்டு” என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. அது 0 என்றால் முடிவு என்று பொருள்கொள்கிறார்கள். 0 என்றால் இந்தக் கணத்தில் ஒன்றும் வந்து சேரவில்லை என்பது மட்டுமே பொருள். பேசிக்கொண்டிருப்பவர் மூச்சு வாங்குவதும் மௌனம்தான், பேச்சை முடிப்பதும் மௌனம்தான். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். நேர எல்லை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. இதற்குமேல் காத்திருக்க முடியாது என்று கைவிடுவதற்கு அது நல்ல வழி. வந்தது முழுமையானது என்று நம்புவதற்கு அது காரணமாகாது.

அடுத்த பக்கத்துக் கணினியின் வடத்தை யாராவது சட்டென்று பிடுங்கிவிட்டாலும் இங்கே வாசித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. பேச்சு இல்லாதபோது கம்பியில் எதுவும் ஓடவேண்டும் என்று டி.சி.பி. கேட்பதில்லை. “இருக்கிறாயா?” என்று இடைக்கிடை தட்டிப் பார்க்கும் வசதி ஒன்று உண்டு. ஆனால் நாமாகக் கேட்டால் தவிர அது இயங்காது. இயங்கினாலும் முதல் தட்டலுக்கு முன் 2 மணி நேரமாவது பொறுத்திருப்பதே அதன் இயல்பான அளவு.

அப்படியென்றால் டி.சி.பி.க்கு முற்று என்பதே கிடையாதா? ஒன்று உண்டு. அனுப்புபவர் தன் பக்கத்தை மூடும்போது ‘ஃபின்’ என்ற ஒரு சிறு கொடி போகிறது. “நான் சொல்லவேண்டியது அவ்வளவுதான்” என்று அதற்குப் பொருள். மீதமிருந்த தரவையெல்லாம் வாசித்து முடித்த பிறகு, அடுத்த வாசிப்பு 0 பைட்டு என்று திரும்பும். பைதனில் வெறுமையான விடை, ஜாவாவில் −1, சி மொழியில் 0. மொழிக்கு மொழி உருவம் வேறு, சங்கதி ஒன்று. இந்த வெறுமை ஓட்டத்துக்குள் வந்த ஓர் எழுத்து அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். காத்திருந்தும் இனி வருவதற்கு ஒன்றுமில்லை என்று இயங்குதளம் தரும் அறிவிப்பு அது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், பேசும் பக்கத்தை மட்டும் மூடிவிட்டுக் கேட்கும் பக்கத்தைத் திறந்து வைக்கலாம் என்பது. வகுப்பறைக் கணினி, பெயரை அனுப்பியதும் தன் வாயை மட்டும் மூடிக் காதைத் திறந்து வைத்திருந்தால், நூலகக் கணினிக்குக் கேள்வி முடிந்தது தெரிந்திருக்கும், பதிலும் வந்திருக்கும். ஒரே ஒரு வரிக் கட்டளை. ஆனால் மூடிய வாயை அதே இணைப்பில் மீண்டும் திறக்க முடியாது. இரண்டாவது நூலைக் கேட்பதற்குப் புது இணைப்பு வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அனுப்பும் செய்நிரல் பாதி வழியில் செத்துவிழுந்தால் என்ன நடக்கும்? வழக்கமாக இயங்குதளம் அது திறந்து வைத்திருந்தவற்றை ஒழுங்காக மூடிவிடும். அப்போதும் அதே ‘ஃபின்’ போகும். வாசிப்பவருக்கு, சொல்லி முடித்தவரின் முடிவும் சொல்லும்போதே மயங்கி விழுந்தவரின் முடிவும் ஒரே மாதிரி 0 பைட்டாகவே தெரியும். இணைப்பு முடிந்தது என்பது வேறு, செய்தி முடிந்தது என்பது வேறு.

வேண்டுமென்றே வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். 1995இல் வந்த எஸ்.எஸ்.எல். இரண்டாம் பதிப்பு, இணையத்தில் செல்லும் தரவை இடையில் யாரும் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கியது. ஆனால் முடிவுக்கு மட்டும் அது டி.சி.பி.யின் ‘ஃபின்’னையே நம்பியிருந்தது. நடுவில் நிற்கும் ஒருவருக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டாலும், தானே ஒரு ‘ஃபின்’ போட்டுக் கடிதத்தை நடுவில் கத்தரிக்க முடிந்தது. பெறுபவர் அதையே முழுக் கடிதம் என்று எடுத்துக்கொள்வார். 1996இல் வந்த மூன்றாம் பதிப்பில், மறைகுறியாக்கத்துக்கு உள்ளேயே “மூடுகிறேன்” என்ற அறிவிப்பை வைத்தார்கள். அது வராமல் இணைப்பு முடிந்தால் ஏதோ கோளாறு என்று பொருள்.

தந்திக்காரர்களும் வானொலிக்காரர்களும் இந்த விடயத்தைக் கணினிக்கு முன்பே பட்டறிந்திருந்தார்கள். என் மாமா பல வருடங்கள் கப்பலில் வேலை செய்தவர். கடல் எச்சரிக்கைகளைக் கப்பல்களுக்கு அனுப்பும் நாவ்டெக்ஸ் என்ற சேவை 518 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. அதில் ஒவ்வொரு செய்தியும் ‘இசட்.சி.இசட்.சி.’ என்று தொடங்கி ‘என்.என்.என்.என்.’ என்று முடியும். பழைய தொலையச்சுக் கருவிகளின் வழக்கம் அது. “நாலு என் வராத செய்தியை நாங்க முழுசு என்று எடுக்கிறல்ல மகள். அடுத்த முறை வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருப்பம்” என்றார் மாமா. காற்றோட்ட எச்சரிக்கை பாதியில் நின்றால், புயல் எந்தத் திசையில் போகிறது என்பது அந்த வராத பாதியில் இருக்கலாம் அல்லவா?

சாதாரண ஆங்கில உரையில் நான்கு ‘என்’ அடுத்தடுத்து வராது. ஆகவே கடலில் அது பொருந்துகிறது. கணினியில் அப்படி ஒரு குறியைத் தெரிவது இலேசல்ல. ஆஸ்கி எழுத்துக்குறி அட்டவணையில் 3ஆம் இலக்கம் உரையின் முடிவுக்கும் 4ஆம் இலக்கம் பரிமாற்றத்தின் முடிவுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அனுப்புவது ஒரு புகைப்படமாக இருந்தால், 0 முதல் 255 வரை எல்லாப் பெறுமானங்களும் படத்துக்குள்ளேயே வரும். 4ஐக் கண்டதும் நிறுத்தினால் பாதி முகத்தோடு படம் நின்றுவிடும்.

மின்னஞ்சல் இதை எப்படிக் கையாள்கிறது என்று படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். 1982 ஒகஸ்டில் ஜோன் பொஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. ஆவணத்தின்படி, கடிதத்தின் முடிவு என்பது ஒரு தனி வரியில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி. உண்மையிலேயே முற்றுப்புள்ளி! கடிதம் எழுதுபவரே தனி வரியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால்? அதற்கும் வழி செய்திருக்கிறார். புள்ளியில் தொடங்கும் எந்த வரிக்கும் அனுப்பும் கணினி முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்க்கும், பெறும் கணினி அதை நீக்கிவிடும். எழுதியவருக்கும் வாசிப்பவருக்கும் இது தெரியவே தெரியாது.

இரு பக்கமும் முடிவை ஒரே மாதிரி விளங்கிக்கொள்ளும் வரை இது பாதுகாப்பானது. ‘தனி வரி’ என்பதற்கு வரித் தொடக்கக் குறியும் புதுவரிக் குறியும் சேர்ந்து வரவேண்டும் என்பது விதி. சில சேவையகங்கள் தாராள மனத்தோடு, புதுவரிக் குறி மட்டும் இருந்தாலும் சரி என்று ஏற்றுக்கொண்டன. 2023 டிசெம்பரில், ஆஸ்திரியாவின் எஸ்.ஈ.சி. கன்சல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டிமோ லோங்கின், இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கொண்டே போலி மின்னஞ்சல் அனுப்பலாம் என்று வெளிப்படுத்தினார். கடிதத்தின் நடுவில் ஓர் அரைகுறை முற்றுப்புள்ளியை வைத்து, அதன் கீழே இன்னொரு முழுக் கடிதத்தை ஒளித்துவிடுவது. அனுப்பும் சேவையகத்தின் கண்ணுக்கு ஒரு கடிதம், பெறும் சேவையகத்தின் கண்ணுக்கு இரண்டு. இரண்டாவது கடிதம் வேறொருவரின் பெயரில், நம்பிக்கையான இடத்திலிருந்தே வந்ததுபோல் நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில், எக்ஸிம் போன்ற பிரபலமான மின்னஞ்சல் மென்பொருள்களுக்கெல்லாம் அதன்பின் திருத்தம் தேவைப்பட்டது. 1982இல் வைத்த ஒரு புள்ளிக்கு 41 வருடம் கழித்து வந்த தலையிடி!

இன்னொரு வழி, நீளத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது. “பின்னால் 620 பைட்டு வருகிறது” என்று அறிவித்துவிட்டால் குறி எதுவும் தேவையில்லை. எண்ணிக்கொண்டே வாசித்து 620இல் நிறுத்தவேண்டியதுதான். குறைந்த எண்ணிக்கையில் இணைப்பு அறுந்தால் செய்தி எச்சம் என்று உறுதியாகத் தெரிந்துவிடும். இணையப் பக்கங்களை அனுப்பும் எச்.டி.டி.பி.யில் இந்த வழக்கம் உண்டு. தரவிறக்கம் செய்யும்போது சில கோப்புகளுக்கு ‘நூற்றுக்கு 40 முடிந்தது’ என்று காட்டும், சிலவற்றுக்கு வெறுமனே ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். முதல் வகையில் நீளம் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவதில், அனுப்புபவருக்கே மொத்தம் எவ்வளவு என்று இன்னும் தெரியாமல் இருக்கலாம். அதற்காக 1997இல் எச்.டி.டி.பி. 1.1 பதிப்பு, துண்டு துண்டாக அனுப்பும் ஒரு முறையைத் தந்தது. ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் அதன் நீளம் வரும். கடைசியில் ‘நீளம் 0’ என்று ஒரு துண்டு வந்தால் முற்று.

நீளம் சொல்லும் வழியில் நம் மொழிக்கென்றே ஒரு குழி காத்திருக்கிறது. “பரீட்சை நடைபெறாது” என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் ஒன்பது எழுத்தும் ஓர் இடைவெளியும். பைதனிடம் இதன் நீளத்தைக் கேட்டால் 17 என்னும். ஏனென்றால் ‘ரீ’ என்பது அதற்கு ரகரமும் நெடிற்குறியும் என இரண்டு, ‘ட்’ என்பது டகரமும் புள்ளியும் என இரண்டு. கம்பியில் போகும்போதோ ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூ.டி.எப்.-8 முறையில் 3 பைட்டு, இடைவெளி 1 பைட்டு. ஆக 16 முறை 3, கூட்டல் 1, மொத்தம் 49. நீளம் என்று 17ஐ அனுப்பினால், பெறுபவர் 17 பைட்டில் நிறுத்திவிடுவார். அவர் கையில் “பரீட்” என்பதும் சகரத்தின் மூன்றில் இரண்டு பங்கும் இருக்கும். அந்த உடைந்த சகரம் திரையில் கேள்விக்குறியிட்ட ஒரு கட்டமாகத் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தக் குழி தெரியவே தெரியாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு என்பதால் அவருடைய கணக்கு எப்போதும் சரியாக வரும்.

உடைந்த எழுத்து கண்ணில் பட்டாலாவது பரவாயில்லை, ஏதோ பிழை என்று தெரியும். அதே செய்தியின் கடைசி 6 பைட்டு மட்டும் வராமல் போனால் “பரீட்சை நடைபெறா” என்று நிற்கும். எழுத்து எதுவும் உடையவில்லை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று நாம் இலக்கணத்தில் படிப்பது இதைத்தான், இங்கே ஈறு உண்மையாகவே கெட்டிருக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு இது எச்சம் என்று புலப்படும். ஆனால் எண்களுக்கு அந்த இலக்கணமும் இல்லை. 25000 ரூபா என்று அனுப்ப நினைத்ததில் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் வராவிட்டால் 2500. அதுவும் முழுமையான, எந்தக் குறையும் வெளியே தெரியாத ஓர் எண். வைத்தியசாலையில் மருந்தின் அளவோ, புள்ளிப் பட்டியலில் ஒரு மாணவியின் சுட்டெண்ணோ அப்படி வெட்டுப்பட்டால், வாசிக்கும் கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதை ஏற்றுக்கொள்ளும்.

எங்கள் வகுப்பு இருவரும் கடைசியில் நீளத்தையே தேர்ந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் 4 பைட்டில் அதன் நீளம் போகிறது, எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, பைட்டுகளின் எண்ணிக்கை. அந்த 4 பைட்டும்கூட ஒரே தடவையில் வரும் என்று அவர்கள் நம்பவில்லை. நான்கும் சேரும் வரை திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். பிறகு சொன்ன அளவு சேரும் வரை வாசிக்கிறார்கள். இடையில் 0 பைட்டு என்று வந்தால், அதுவரை வந்ததை வீசிவிட்டு மறுபடி கேட்கும்படி எழுதியிருக்கிறார்கள். ஒரே இணைப்பில் இருபது நூல்களைக்கூட இப்போது தேடலாம்.

4 பைட்டில் சொல்லக்கூடிய மிகப்பெரிய நீளம் 4,294,967,295. யாராவது குறும்புக்கு அந்த எண்ணை அனுப்பினால் நூலகக் கணினி வராத செய்திக்காக நினைவகத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் டீச்சர் சுட்டிக்காட்டினார். ஆகவே 1000 பைட்டுக்குமேல் நீளம் சொல்லும் எவரோடும் அது கதைக்காமல் இணைப்பை மூடிவிடுகிறது. தமிழில் அது ஏறத்தாழ 330 குறிகள். எங்கள் நூலகப் பட்டியலில் அவ்வளவு நீளமான பெயருள்ள நூல் எதுவும் இல்லை.